வாளிச் சத்தம் கேட்டால் நட

தம்பி,

திங்கட்கிழமை நீ கெர்லிங் பக்கம் கிளம்புகிறாய். அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே இந்த மனுஷன் என்று உனக்குச் சிரிப்பு வரும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "சரிப்பா, சரிப்பா" என்று எழுந்து போய்விடுவாய். இதைப் பெட்டியில் உன் சட்டைகளுக்கு அடியில் வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுக்கிறேன். போய்ச் சேர்ந்து, துணிகளை எடுத்து அடுக்கும்போது படி. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கால் வைப்பதற்கு முன்னால் படித்துவிடு.

வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்த அன்று நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறதா? "அந்தத் தோட்டத்துல பாதிப் புள்ளைங்க ஸ்கூலுக்கே ஒழுங்கா வர்றதில்லையாம்பா. ஒரு நாள் வந்தா மூணு நாள் மட்டமாம். பெத்தவங்களுக்குப் பொறுப்பே இல்ல. நாலு பேர் மேல கேஸ் போட்டா மத்தவங்க தன்னால அனுப்புவாங்க." உன் அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நீ சொன்னதில் தப்பில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றவன் பொறுப்புதான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தப் பொறுப்பு காலை ஏழு மணிக்கு ஒரு தகப்பன் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. உன்னை அனுப்பிய எனக்குத் தெரியும்.

நீ போகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, மலை ஓரமாகத்தான் நாம் அப்போது இருந்தோம். உனக்கு ஒன்பது வயது. இப்போது கோலா சிலாங்கூரில் கடல் காற்று வாங்கிக்கொண்டு, "வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் முடியப்போகுது, வேலியெல்லாம் பிரிக்கப் போறாங்க" என்று எல்லோரும் சாவகாசமாகப் பேசுகிறோம். அப்போது யாரும் அப்படிப் பேசவில்லை. பேசவே பயம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களைக் கம்யூனிஸ்ட் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்து "அவங்க" என்போம். "அவங்க வந்து போனாங்களாம்", அவ்வளவுதான், கேட்பவனுக்கு முகம் வெளுத்துவிடும். நம் லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஊரடங்கு, காலை ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கும். வெளியே போகிறவர்களைக் காவல்காரர்கள் தடவித் தடவிச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது, அது அவங்களுக்குப் போய்விடுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். காலையில் வீட்டில் குடித்த கஞ்சியோடு போய், மத்தியானம் திரும்பி வரும்வரை நீங்கள் எல்லோரும் பட்டினி.

பள்ளிக்கூடம் நம் வேலிக்குள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது பக்கத்துப் பெரிய தோட்டத்தில், அவர்கள் வேலிக்குள் இருந்தது. நடுவில் முழுக்க ரப்பர் மரம், அதற்குள் ஒரு மண்பாதை. பாதி வழியில் பாதை ஓர் ஓடையில் இறங்கி ஏறும். ஓடையை ஒட்டி ஒரு பக்கம் காடு. பெற்றவர்கள் கூடப் போய் விட்டுவரலாமே என்பாய். காலையில்தான் மரத்தில் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். கதவு திறந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அவரவர் நிரைக்கு, அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, ஓட வேண்டும். ஆணும் பெண்ணும் அத்தனை பேரும் மரத்தடியில் நிற்கிற நேரத்தில்தான் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். லயத்தில் கைக்குழந்தைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆயாவும்தான் மிச்சம். மத்தியானம் நீங்கள் திரும்பும்போது வேலை முடிந்து வருகிறவர்கள் பாதையில் இருப்பார்கள்.

வாளி தட்டுகிற யோசனை உன் அம்மாவுடையது. பாதை ஓரமாக நிரை கிடைத்தவர்கள் அஞ்சாறு பேர் இருந்தோம். பிள்ளைகள் நம் நிரையைத் தாண்டும்போது காலி வாளியைக் கவிழ்த்து, கத்திப் பிடியால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அடுத்த நிரைக்காரர் அதைக் கேட்டுப் பதிலுக்கு இரண்டு தட்டுவார். அது பிள்ளைகளுக்கு. முன்னால் ஆள் இருக்கிறது, வழி சரியாக இருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். சத்தம் கேட்டால் நட, கேட்காவிட்டால் இருந்த இடத்திலேயே உட்கார், கூப்பிடாதே, அழாதே. உன் அம்மா இதை உங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாள் தெரியுமா, விளையாட்டு மாதிரி, லயத்து வாசலில் குண்டானைத் தட்டித் தட்டி. முதல் நிரை அவளுடையது. ஓடைப் பக்கத்து நிரை அந்தோணியுடையது. அதற்கு அடுத்தது, பள்ளிக்கூட வேலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், என்னுடையது. என் வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் அன்றைய கண்டம் தாண்டியாயிற்று.

அந்தோணியை உனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போடுகிற அந்தோணி மாமா. நமக்கும் அவர்களுக்கும் சாமி வேறு, ஆனாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவன் மகள் பிலோமினா, நாம் பிலோ என்போம், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். காட்டு ஓர நிரையை எடுக்க மாட்டோம் என்று எல்லோரும் அடம்பிடித்தபோது, "எவனாவது நிக்கணும்லா, நானே நிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டவன் அவன். நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் அப்பன் பயந்தாங்கொள்ளி என்று அந்தத் தோட்டத்துக்கே தெரியும்.

அந்த வாளிச் சத்தத்தை நான் எப்படிக் கேட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். தூரத்தில் உன் அம்மா தட்டுவது எனக்கு லேசாகத்தான் கேட்கும். கிளம்பிவிட்டார்கள் என்று எண்ண ஆரம்பிப்பேன். இரண்டாவது, மூன்றாவது என்று சத்தம் நெருங்க நெருங்கப் பட்டை சீவுவதை நிறுத்திவிடுவேன். அந்தோணி தட்டியதும் நான் பதிலுக்குத் தட்டிவிட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடி பாதையையே பார்ப்பேன். முதலில் பெரிய பிள்ளைகள் வருவார்கள், கடைசியில் நீ வருவாய். ரப்பர் கொட்டை பொறுக்கிக்கொண்டு, சட்டைப் பை உப்பிப்போய், உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் வருவாய். எனக்கு அடிக்கவும் தோன்றும், கட்டிப்பிடிக்கவும் தோன்றும். "வரிசைய விட்டுப் பின்தங்காத" என்று மட்டும் சொல்வேன். மறுநாளும் பின்தங்கித்தான் வருவாய்.

ஒரு நாள் மூன்றாவது சத்தம் வந்தது, நான்காவது வரவில்லை. அந்தோணி தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். ஒருவேளை எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று தலையைச் சாய்த்துக் கேட்டேன். குருவிச் சத்தம்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ரப்பர்க் காட்டில் ஓடுகிற மனுஷனை யார் பார்த்தாலும் சுடுவார்கள், அவங்க பார்த்தாலும் சரி, பட்டாளத்துக்காரன் பார்த்தாலும் சரி. நான் குண்டடிபட்டுச் செத்தால்கூடப் பரவாயில்லை, அந்த வெடிச்சத்தத்தில் நீங்கள் பயந்து எழுந்து ஓடினால்? அதனால் நின்றேன். சும்மா நின்றால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று பால் வடிய மரப்பட்டையை வெட்டிக்கொண்டே நின்றேன். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. வரிசையாக ஏழெட்டு மரத்தில் காயம். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு வந்தியாய்யா?" என்று கேட்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தோணியின் வாளி கேட்டது. இரண்டு தட்டு. நான் பதில் தட்டினேன், எத்தனை தட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் வந்தீர்கள். "அந்தோணி மாமா தட்டலப்பா, நாங்க உக்காந்துட்டோம். பிலோதான் முதல்ல உக்காந்துச்சு" என்று நீ பெருமையாகச் சொன்னாய். நான் போ போ என்று கையைக் காட்டினேன்.

பால் நிறுக்கிற கொட்டகையில் அந்தோணி என் காதோடு சொன்னான். ஓடையில் அவங்க தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தன் இவனைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தானாம். "வாளி என் கையிலதான் மச்சான் இருந்துச்சு. தட்டினா புள்ளைங்க நேரா அவங்க நடுவுல வந்து நிக்கும். அவங்க எந்திரிச்சுப் போறவரைக்கும் மாதா பேரைச் சொல்லிக்கிட்டே நின்னேன்." இதை மண்டோரிடம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். சொன்னால் அவங்க ராத்திரி வந்து கழுத்தை அறுப்பார்கள், அப்படி அறுபட்ட ஆளை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன் நான். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஓரிரண்டு நாளில் பட்டாளம் வந்தது. ஓடைச் சேற்றில் காலடித் தடம் பார்த்தார்கள். தோட்டத்தில் தினமும் காலையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது, அது காட்டுக்குக் கொடுக்கிற சமிக்ஞை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களை வரிசையாக உட்காரவைத்து வெள்ளைக்கார ஆபீசர் கேட்டான், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி தமிழில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்காகத் தட்டுகிறோம் என்றோம். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் ஆபீசர் சிரித்தான். எங்களுக்கு அது தினப்படி வழக்கம், அவனுக்கு அது பச்சைப் பொய். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூலிக்காரன் இவ்வளவு மெனக்கெடுவானா என்று நினைத்திருப்பான். ஓடைப் பக்கத்து நிரை யாருடையது என்று கேட்டார்கள்.

அந்தோணியை வீட்டு வாசலில் வைத்துத்தான் பிடித்தார்கள். அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றான், சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. அவன் பெண்சாதி லூர்தம்மாள் சட்டையை எடுத்துக்கொண்டு பட்டாளத்து லோரி பின்னாலேயே வேலிக் கதவு வரை ஓடினாள். கோலா குபு பாருவுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள், அப்புறம் வேறு எங்கோ தடுப்பு முகாமுக்கு என்றார்கள். நாங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்தோம். உன்னை நான் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன், நீ சன்னல் வழியாகப் பார்த்தாய்.

அன்றோடு வாளி தட்டுவது நின்றது. இனிமேல் ரப்பர்க் காட்டில் தேவையில்லாத சத்தம் கேட்டால் சுடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. வாத்தியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு நம் வேலிக்கு வந்து, ஒவ்வொரு வீடாகக் கேட்டார். நான் உனக்கு வயிற்றுப்போக்கு என்றேன். நீ எனக்குப் பின்னால் பழைய சைக்கிள் வளையத்தை உருட்டிக்கொண்டு ஓடினாய். வாத்தியார் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லா வீட்லயும் வயித்துப்போக்குன்னு சொல்றாங்க. தோட்டத்துத் தண்ணிய மாத்தச் சொல்லணும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "புள்ள இல்லாத பள்ளிக்கூடத்த துரை எத்தன நாளைக்கு வெச்சிருப்பாரு? மூடிட்டா மூடினதுதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுநாளும் உன்னை நிறுத்திக்கொண்டேன்.

அந்தோணியின் நிரையை மண்டோர் எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னேன். "அப்ப இன்னைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது, வீட்டுக்குப் போ" என்றார். போய் நின்றேன். ஓடைத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் ஆள் நடக்கிற சத்தமும் சேர்ந்து கேட்பது மாதிரியே இருக்கும். ஒரு மரம் வெட்டுவேன், திரும்பிப் பார்ப்பேன், அடுத்த மரத்துக்குப் போவேன். அப்படித் திரும்பிப் பார்த்த ஒரு காலையில்தான், ஓடைக்கு லயத்துப் பக்கம், பாதை வளைகிற இடத்தில் பிலோ நிற்பதைப் பார்த்தேன். தனியாக நின்றாள். தலையை இறுக்கிப் பின்னி, சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பிள்ளை எங்கே வந்தது, யார் அனுப்பினது என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. லயத்துப் பக்கத்து நிரைகளில் ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், அதனால் நடந்து வந்துவிட்டாள். வளைவுக்கு அப்பால் தெரியாது. அதனால் சொல்லிக் கொடுத்தபடி சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் மர நிழலில் நின்றதால் என்னை அவளுக்குத் தெரியவில்லை. வாளி என் காலடியில் இருந்தது. தட்டினால் சுடுவார்கள். அன்று பட்டாளம் எங்கேயோ படுத்துக் காத்திருக்கிறது என்று பெரட்டிலேயே பேச்சு. கூப்பிடவும் பயம், குரலும் சத்தம்தானே. திரும்பிப் போயிடும்மா, வீட்டுக்குப் போயிடும்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் பாதை ஓரமாக உட்கார்ந்து, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் கேட்காவிட்டால் உட்கார் என்றுதானே சொன்னோம். அவள் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அவங்க அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தாலும் உட்கார்ந்திருப்பாள், பட்டாளத்துக்காரன் வந்தாலும் உட்கார்ந்திருப்பாள்.

தம்பி, நான் தைரியம் வந்து போகவில்லை. அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, போவதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அவ்வளவுதான். கத்தியை மரத்தடியில் வைத்தேன். கத்தி கையில் இருந்தால் ஆயுதம் என்பார்களே. இரண்டு கையையும் உடம்பைவிட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்தேன். ஓடையில் இறங்கும்போது முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. பிலோ என்னைப் பார்த்ததும் எழுந்து, "மாமா, தட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடையைத் தாண்டும்போது, "ஏன் மாமா உங்க கை ஆடுது?" என்றாள். குளிரும்மா என்றேன். "எனக்குக் குளிரல" என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், மணியை எடுத்து அடித்தார். ஒரே ஒரு பிள்ளைக்கு முழு மணி. பிலோ தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள், முன்னாலும் பின்னாலும் காலிப் பலகை. வாத்தியார் வருகைப் பதிவைத் திறந்து மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். உன் பெயரையும் கூப்பிட்டார். நான் வெளியே நின்று கேட்டேன். கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பிலோவின் பெயர் வந்தபோது அவள் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றாள், நல்ல சத்தமாக. நான் என் நிரைக்குத் திரும்பியபோது மண்டோர் காத்திருந்தார். "நிரைய விட்டு எங்கய்யா போன?" என்று கேட்டு அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான், போட்டார்.

சாயங்காலம் லூர்தம்மாளிடம் போனேன். கோபமாகத்தான் போனேன். "ஒத்தப் புள்ளைய அந்த வழியில தனியா அனுப்ப உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "பயம் இல்லாமலா அனுப்பினேன் அண்ணே? காலையிலேர்ந்து எனக்கு ஒரு மரம் ஒழுங்கா வெட்ட வரல. ஆனா வீட்ல வெச்சுக்கிட்டா மட்டும் என்ன? அவர வீட்டு வாசல்லதானே புடிச்சாங்க" என்றாள். நீ வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் நின்று பார்க்கும்போது, நம் வீட்டுக் கதவும் அதே மாதிரி மெல்லிய பலகைதான் என்று தெரிந்தது.

அன்று உன் அம்மாவும் நானும் மற்ற வீடுகளுக்குப் போனோம். சண்டை வந்தது, ஒருத்தர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. தினமும் ஒரு வீட்டு ஆள் முறை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். அவருடைய மரங்களைப் பக்கத்து நிரைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வெட்டிவிட வேண்டும். பால் நிறுக்கும்போது அவர் வாளி குறையக் கூடாது. மண்டோருக்குத் தெரியும். மரம் வெட்டாமல் கிடக்காதவரை அவருக்கு என்ன, கண்டும் காணாமலும் இருந்துவிட்டார். மறுநாள் முதல் முறை என்னுடையது. உன்னையும் சேர்த்து நாலைந்து பிள்ளைகள்தான் வந்தீர்கள். முன்னால் நடப்பதா, பின்னால் நடப்பதா என்பதே எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. முன்னால் போனால் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, பின்னால் போனால் முதல் குண்டு பிள்ளைக்குப் படும். கடைசியில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே போனேன். "அப்பா ஏன் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுறீங்க?" என்று நீ சிரித்தாய். ஒரு மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டன, கதவைச் சாத்தியவர் பிள்ளையும் வந்தது. எனக்கு மட்டும் அந்தப் பயம் ஒரு நாளும் குறையவில்லை, முறை இருந்த நாளிலும் சரி, இல்லாத நாளிலும் சரி.

அந்தோணியை விட்டபோது வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. நான் வேலை முடிந்து வேலிக் கதவுக்கு வந்த நேரம், ஒரு லோரி வந்து நின்றது. இறங்கிய ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, பாதி ஆளாகப் போயிருந்தான், முன்பல் இரண்டு இல்லை. காவல்காரன் சோதனைக்குக் கையைத் தூக்கச் சொன்னான். அவன் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, வீட்டில் எப்படி என்று கேட்கவில்லை. "மச்சான், பிலோ பள்ளிக்கூடம் போறாளா?" என்றான். "காய்ச்சல் வந்த நாள் தவிர ஒரு நாளும் விடல. இப்பக்கூட அங்கதான் இருக்கா" என்றேன். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் கையைத் தூக்கினான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது லூர்தம்மாளால். அவள் அந்த ஒரு பிள்ளையை அனுப்பாமல் இருந்திருந்தால், நான் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன். நீ போகிற தோட்டத்தில் உன்னிடம் பொய் சொல்கிற தகப்பன்கள் இருப்பார்கள். பொறுப்பு இல்லாதவனும் இருப்பான், குடிகாரனும் இருப்பான், பிள்ளையை மரத்தில் பால் பிடிக்கிற மங்கு துடைக்க அனுப்புகிறவனும் இருப்பான். அவர்களைத் திட்டு, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை எந்த வழியாக வருகிறது என்று ஒரு தடவை நடந்து பார். அதன் அப்பாவும் அம்மாவும் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று கேள். அவன் பயப்படுகிறான் என்றால் பயப்படாதே என்று சொல்லாதே, அதைச் சொல்வது சுலபம். "நான் பாதி வழி வந்து நிக்கிறேன், அதுவரைக்கும் அனுப்புங்க" என்று சொல். வாத்தியார் அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் நான் பிலோவை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் அமைதியாகிவிட்டது என்று நீ சொல்கிறாய். இருக்கலாம். உன் அம்மா உன் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றி வைக்கிறாள். வழியில் சோதனை போட்டால் உணவுப் பொருள் என்று பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் சொன்னேன், "அந்தக் காலம் போச்சு, பேசாம இருங்க" என்கிறாள். சொல்லிவிட்டு அதே பாட்டிலுக்கு இன்னொரு துணி சுற்றுகிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடு, சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடு.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய எந்தக் காலையிலும் நான் பயமில்லாமல் அனுப்பியதில்லை. ஆனாலும் அனுப்பினேன். திங்கட்கிழமை மறுபடியும் அனுப்புகிறேன்.

அப்பா